மாணிக்டோஹ் சிறுத்தைகளின் ஒரு நாள்

2022 நவம்பர் 24, வியாழக்கிழமை. கல்யாண் கிழக்கில் சிஞ்ச்பாடா பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் ஒரு சிறுத்தை நுழைந்துவிட்டது. எதிர்ப்பட்ட சிலரைப் பிறாண்டிக் காயப்படுத்தியது. சற்று நேரத்தில் தெரு நிறையக் கூட்டம் சேர்ந்தது. வனத்துறையினரும் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மீட்புக் குழுவினரும் வந்து, பல மணி நேரம் போராடி, மயக்க ஊசி செலுத்தி, அதைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறுத்தை பிடிபட்டது என்ற செய்தி வந்ததும் ஊர் நிம்மதி அடைந்தது.

கூண்டு வண்டி கிளம்பிப் போனதும் அந்த விலங்கு நம் கவனத்திலிருந்து போய்விடுகிறது. மகாராஷ்டிரத்தில் இப்படிப் பிடிபடும் சிறுத்தைகளில் சில மீண்டும் காட்டுக்குப் போகின்றன. சில போவதே இல்லை. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று சாகும்வரை மனிதர் கையால் இறைச்சி வாங்கித் தின்று வாழ்கின்றன. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள கல்யாண்வாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அகமத்நகர் நெடுஞ்சாலையில் முர்பாட், டோகாவடே தாண்டி, மால்ஷேஜ் காட் மலைப்பாதை ஏறி இறங்கினால் ஜுன்னர் தாலுகா. கல்யாண் மொத்த மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் தக்காளியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளில் பல அந்த வழியாகத்தான் வருகின்றன. சிவாஜி பிறந்த சிவ்நேரிக் கோட்டை நிற்கும் ஜுன்னர் ஊருக்குப் பக்கத்தில், குக்டி ஆற்றின் குறுக்கே கட்டிய அணையின் பெயரையே தாங்கிய மாணிக்டோஹ் கிராமத்தில் இருக்கிறது சிறுத்தைகள் மீட்பு மையம்.

மகாராஷ்டிர வனத்துறை தொடங்கிய மையம் இது. பிறகு ‘வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்’ என்ற தொண்டு நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து இதை நடத்தத் தொடங்கியது. கார்த்திக் சத்யநாராயணனும் கீதா சேஷமணியும் 1995-இல் தொடங்கிய நிறுவனம் அது. தெருவில் ஆடவைக்கப்பட்ட கரடிகளை நாடெங்கும் மீட்டு, அவற்றை வைத்துப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்படுத்திக் கொடுத்ததால் பெயர் பெற்றது. மாணிக்டோஹில் நாற்பது, ஐம்பது சிறுத்தைகள் வரை இருந்திருக்கின்றன. மீட்பு மையங்களில் பார்வையாளர்களுக்குக் காட்சிப்படுத்துவதும் கூடாது, இனப்பெருக்கமும் கூடாது என்பது இந்தியாவில் பொது விதி. டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கிற இடமாக இதை நினைத்துக்கொண்டு வண்டி கட்டிவிட வேண்டாம்.

சிறுத்தை இரவில் இயங்கும் விலங்கு. பகலின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். ஆனால் மையத்தின் வேலை நேரம் மனிதர்களுடையது. காலையில் பராமரிப்பாளர்கள் வந்ததும் முதல் வேலை, சிறுத்தைகளைக் கவனித்துப் பார்ப்பது. ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, நேற்று வைத்த இறைச்சியில் மிச்சம் இருக்கிறதா, மலம் எந்த நிறத்தில் எந்தப் பதத்தில் இருக்கிறது, கண்ணில் பீளை இருக்கிறதா, எந்தக் காலையாவது தாங்கி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டு விலங்கு நோயை வெளியே காட்டாது. பலவீனத்தைக் காட்டினால் உயிர் போய்விடும் என்று பழகிவந்த உடம்பு அது. ஒரு நாள் உணவை முகர்ந்துவிட்டு விலகினால் அதுவே மருத்துவரைக் கூப்பிடப் போதுமான அறிகுறி.

பிறகு துப்புரவு. சிறுத்தையை உள்ளறைக்கும் வெளி அடைப்புக்கும் இடையே மாற்றி, நடுக்கதவைப் பூட்டி, பூட்டியதை மறுபடி இழுத்துப் பார்த்த பிறகே ஆள் உள்ளே நுழைவார். இந்தப் பூட்டு விஷயத்தில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே விதிதான். தரையைக் கழுவி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மரமேடைகளைச் சரிபார்ப்பார்கள். சிறுத்தைக்கு உயரம் வேண்டும். காட்டில் மரக்கிளையில் கால்களைத் தொங்கவிட்டுப் படுக்கும் உயிரைச் சிமெண்டுத் தரையில் படுக்க விட்டால் மூட்டும் கெடும், மனமும் கெடும். அதனால் மேடைகள், சாய்த்து வைத்த அடிமரங்கள், தீயணைப்பு வண்டிகளின் பழைய குழாய்களைப் பின்னிக் கட்டிய ஏணைகள். நகமும் பல்லும் பட்டாலும் எளிதில் கிழியாதது அந்தக் குழாய்.

அடைபட்ட பூனையினங்களுக்கு வரும் பெரிய வியாதி சலிப்பு. ஒரே தடத்தில் முன்னும் பின்னும் மணிக்கணக்கில் நடப்பது அதன் அடையாளம். பழைய பாணி மிருகக்காட்சி சாலைகளில் புலியோ சிறுத்தையோ அப்படி நடப்பதைப் பார்த்து ‘என்ன கம்பீரம்’ என்று வியந்திருப்போம். உண்மையில் அது மனம் சிதைந்ததன் அறிகுறி. அதைத் தடுக்கத்தான் பராமரிப்பாளர்கள் மூளையைக் கசக்குகிறார்கள். இறைச்சியைத் தட்டில் வைக்காமல் மரப்பொந்தில் ஒளித்து வைப்பது, சாக்குக்குள் கட்டித் தொங்கவிடுவது, வேறொரு விலங்கின் வாசனையை மூலையில் தடவி வைப்பது, கோடையில் பனிக்கட்டிக்குள் இறைச்சித் துண்டை உறையவைத்துப் போடுவது. காட்டில் ஒரு வேளை உணவுக்காகச் சிறுத்தை இரவு முழுவதும் உழைக்கும். அந்த உழைப்பில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுக்கும் முயற்சி இது. தக்காண மேட்டின் ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர்த் தெளிப்பான்களும் நிழல் வலைகளும் சேர்ந்துகொள்ளும்.

உணவு பெரும்பாலும் ஒரு வேளைதான். வளர்ந்த சிறுத்தைக்கு நாளுக்குச் சில கிலோ இறைச்சி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது பெரிய பூனைகளைப் பராமரிக்கும் இடங்களில் வழக்கம். காட்டில் தினமும் வேட்டை கிடைப்பதில்லை என்பதால் அந்த வயிறு இடைவெளிக்குப் பழகியது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டத் தடை வந்தபோது போரிவலிப் பூங்காவின் புலி, சிறுத்தைகளுக்குக்கூட உணவுப் பட்டியலை மாற்ற வேண்டியிருந்தது. எருமை இறைச்சியும் கோழியும் அந்த இடத்தைப் பிடித்தன.

மருத்துவம் இன்னொரு உலகம். ஒவ்வொரு முறையும் மயக்க ஊசி போட முடியாது. அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. அதனால் ஒரு பக்கச் சுவர் நகரும் குறுகிய கூண்டுக்குள் விலங்கை வரவைத்து, சுவரை மெல்ல நெருக்கி, அது திரும்ப முடியாத நிலையில் கம்பியிடுக்கில் ஊசி போடுவார்கள். அங்கே வரும் சிறுத்தைகளின் நோய்ப் பட்டியலைப் படித்தால் மனிதர்கள் எப்படியெல்லாம் அவற்றைக் காயப்படுத்துகிறோம் என்பதற்கான பட்டியலாகவே இருக்கும். கண்ணியில் மாட்டி அழுகிய கால். வண்டி மோதி உடைந்த இடுப்பு. கல்லெறியில் போன கண். பொறிக்கூண்டின் இரும்புக் கம்பியைக் கடித்துக் கடித்து உடைந்த கோரைப்பல். கோரைப்பல் உடைந்த சிறுத்தையால் ஆட்டின் குரல்வளையைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. அதை விடுவித்தால் பட்டினியில் சாகும், அல்லது எளிதாகக் கிடைக்கிற இரையைத் தேடும். எளிதாகக் கிடைக்கிற இரை எது என்று சொல்லத் தேவையில்லை.

ஆப்பிரிக்காவின் சிம்பன்சி சரணாலயங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் தெளிவாகப் புரியும். காங்கோ குடியரசில் ஜேன் குடால் நிறுவனம் 1992-இல் தொடங்கிய சிம்புங்காவுக்கும், உகாண்டாவின் விக்டோரியா ஏரியில் 1998 முதல் இயங்கும் ங்காம்பா தீவுக்கும் வருகிற குட்டிகள் பெரும்பாலும் அநாதைகள். இறைச்சிக்காகத் தாயைக் கொன்றவர்கள் குட்டியை விற்கக் கொண்டுபோகும்போது பிடிபட்டவை. சிம்பன்சி கூட்டமாக வாழும் உயிர். தனிமை அதைக் கொன்றுவிடும். ஆகவே அங்கே பராமரிப்பாளர்களின் முதல் கவலை புதிய குட்டியை ஒரு கூட்டம் ஏற்றுக்கொள்ளும்படி செய்வது. ங்காம்பாவில் பகலெல்லாம் தீவுக் காட்டில் திரிந்துவிட்டு, உணவு நேரத்தில் வேலியோரம் வந்து வாங்கித் தின்று, மாலையில் உறங்கும் கூடத்துக்குத் திரும்பி ஏணைகளில் கூட்டமாகப் படுக்கின்றன. சிறுத்தைக்கு நேர் எதிரான தேவை. அது தனியாள். இன்னொரு சிறுத்தையின் முகத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு வதை. மனிதர் முகமும் அப்படித்தான். அதனால் மறைப்புத் தட்டிகளும் ஒளிந்துகொள்ள மூலைகளும் சோற்றுக்கு நிகரான அத்தியாவசியம். அன்பு காட்டித் தடவிக்கொடுப்பது அங்கே பராமரிப்பின் பகுதி கிடையாது. விலகி நிற்பதுதான் பராமரிப்பு.

   

ஜுன்னருக்குத் திரும்புவோம். இத்தனை சிறுத்தைகள் அங்கே எப்படிச் சேர்ந்தன? குக்டி, மீனா, கோட் ஆறுகளில் அணைகள் எழுந்தன. வானம் பார்த்த பூமிக்குப் பாசனம் வந்தது. கம்பும் சோளமும் விளைந்த இடத்தில் கரும்பு ஏறியது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, ஓராண்டுக்கும் மேல் வெட்டாமல் நிற்கும் கரும்பு சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். உள்ளே தண்ணீர் ஈரம், வெளியே தெருநாய், பன்றி, ஆடு, கன்று. காட்டையே பார்க்காமல் கரும்பிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள் இப்போது அங்கே இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், மகாராஷ்டிரத்தில் 1,985. அந்தக் கணக்கு காட்டுப்பகுதிகளுக்கானது. வயல்வெளியில் வாழ்பவை அதில் முழுமையாகச் சேரவில்லை.

2001 வாக்கில் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைத் தாக்குதல்கள் திடீரென்று ஏறின. மக்கள் கொதித்தார்கள். வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டது. நியாயமான தீர்வாகத்தான் தோன்றியது. வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பின்னர் அந்த ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டார்கள். சராசரியாக 40 கிலோமீட்டர் தொலைவில் கொண்டுபோய் விடப்பட்ட 29 சிறுத்தைகளைப் பற்றிய ஆய்வு அது. பெரிய அளவில் இடமாற்றம் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள். தொடங்கிய பின் 17. அவற்றில் உயிர்ப்பலியில் முடிந்தவற்றின் பங்கும் இரட்டிப்பானது. பழக்கமில்லாத நிலத்தில், வேறொரு சிறுத்தையின் எல்லைக்குள், கூண்டில் அடிபட்ட உடம்போடும் மிரட்சியோடும் இறக்கிவிடப்பட்ட விலங்கு மனிதர்களுக்கு முன்னைவிட ஆபத்தானது. தொந்தரவு செய்யாத சிறுத்தையைப் பிடித்துத் தொந்தரவு செய்யும் சிறுத்தையாக நாமே மாற்றியிருக்கிறோம். 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கண்ணில் பட்டதற்காகவே சிறுத்தையைப் பிடித்து இடம் மாற்றுவதை ஊக்குவிக்கவில்லை.

இடம் மாற்றினால் சிறுத்தை என்ன செய்யும் என்பதை உலகுக்கே காட்டியது ஆஜோபா. 2009-இல் அன்றைய அகமத்நகர் மாவட்டம் டாக்ளி டோகேஷ்வர் கிராமத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட, வயதான ஆண் சிறுத்தை. தாத்தா என்ற பொருளில் மராத்தியில் அந்தப் பெயர் வைத்தார்கள். தோலுக்கடியில் அடையாளச் சில்லும் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையும் பொருத்தி மால்ஷேஜ் காட்டில் விட்டார்கள். அது மேற்கே நடக்கத் தொடங்கியது. கல்யாணிலிருந்து லோக்கல் ரயில் போகும் கசாரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைத் தாண்டியது. மும்பை-ஆக்ரா நெடுஞ்சாலையைக் கடந்தது. தொழிற்பேட்டைகளின் ஓரமாகப் போனது. கல்யாணைத் தொட்டு ஓடும் உல்ஹாஸ் ஆறு கடலைச் சேரும் வசாய் கழியை நீந்தி, ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் கடந்து, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா காட்டை அடைந்தது. வழியில் ஒரு மனிதருக்கும் கீறல்கூட விழவில்லை. பகலில் பதுங்கி இரவில் நடந்த அந்தக் கிழச் சிறுத்தை நம் வீடுகளுக்கு எவ்வளவு அருகில் போயிருக்கும் என்று யோசித்தால் வியப்பு அடங்காது. 2011 டிசம்பரில் மும்பை-அகமதாபாத் நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்தது. உடம்பில் இருந்த சில்லை வைத்துத்தான் அது ஆஜோபா என்று கண்டுபிடித்தார்கள். 2014-இல் ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்து அதே பெயரில் மராத்திப் படமும் வந்தது.

பிடித்ததைத் தூரத்தில் விடுவதும் தவறு, ஆயுளுக்கும் அடைப்பதும் கொடுமை என்றால் மீட்பு மையம் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் எது? மாணிக்டோஹ் குழுவினரின் குளிர்கால இரவுகள் அதற்குப் பதில் சொல்கின்றன.

அக்டோபர் வாக்கில் கரும்பு வெட்டு தொடங்கும். பீட் போன்ற மராத்வாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூலிகள் வந்து இறங்குவார்கள். வெட்டிக்கொண்டே போகும்போது சோகைக்கடியில் இரண்டு மூன்று குட்டிகள் கிடக்கும். கண் திறந்தும் திறக்காததுமாக, பார்த்தால் பூனைக்குட்டி போலவே இருக்கும். தாய் பக்கத்தில்தான் எங்கோ பதுங்கியிருக்கும். முன்பெல்லாம் அவற்றை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். குட்டி ஆயுளுக்கும் கூண்டுக்குப் போகும். குட்டியை இழந்த தாய் ஆத்திரத்தோடு ஊரைச் சுற்றும். இப்போது தகவல் வந்ததும் மருத்துவர் போய்க் குட்டிகளின் உடல்நிலையைப் பார்த்து, உண்ணி எடுத்து, அடையாளச் சில்லு பொருத்தி, ஆண் பெண் குறித்துக்கொள்கிறார். பொழுது சாய்ந்ததும் கிடைத்த அதே இடத்தில், காற்றுத் துளையிட்ட பெட்டிக்குள் அவற்றை வைக்கிறார்கள். தாய் தட்டினால் திறந்துகொள்ளும் பெட்டி. சுற்றிலும் தானியங்கி கேமராக்கள். ஊர் மக்கள் அன்றிரவு அந்தப் பக்கம் வராமலிருக்க வேண்டும், விளக்கு அடிக்கக் கூடாது. தாய் வந்து, பெட்டியைச் சுற்றி முகர்ந்து, ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும். சில இரவுகளில் வராது. மறுநாள் மறுபடி வைப்பார்கள். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் தாயிடம் சேர்ந்திருக்கின்றன. மனிதன் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்ற நம்பிக்கையை அந்தக் கேமராப் பதிவுகள் பொய்யாக்கிவிட்டன. தாய் வராதபோதுதான் குட்டி மையத்துக்கு வருகிறது. வேட்டையைக் கற்றுத்தர ஒன்றரை இரண்டு ஆண்டு தாய் வேண்டும். புட்டிப்பால் குடித்து வளர்ந்தது வெளியே பிழைக்காது.

திறந்த கிணறுகளில் விழும் சிறுத்தைகளை எடுப்பதும் இதே குழுவின் வேலை. நீரில் தத்தளிப்பதற்கு மயக்க ஊசி போட்டால் மூழ்கிவிடும். முதலில் கயிறு கட்டிய கட்டிலை இறக்குவார்கள். சிறுத்தை அதில் ஏறி மூச்சு வாங்கும். பிறகு கதவு திறந்த கூண்டை இறக்கினால் பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும். கட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் விவசாயிகள்தான். ஆட்டையும் கன்றையும் அதே சிறுத்தையிடம் பறிகொடுத்தவர்களாகவும் இருப்பார்கள்.

இந்தப் பகுதியின் ஆதிவாசிகள் வாகோபா என்ற பெரும்பூனைத் தெய்வத்தை வணங்குகிறார்கள். தீபாவளிக்கு முன் வரும் வாக்பாரஸ் நாளில் படையல் வைத்து, கால்நடைகளைக் காக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். சிறுத்தை இல்லாத ஊரை அவர்கள் கேட்கவில்லை. தீங்கு செய்யாத சிறுத்தையைக் கேட்கிறார்கள். ஆனால் பக்தியும் பொறுமையும் எவ்வளவு தாங்கும்? 2025 அக்டோபர், நவம்பரில் பக்கத்து சிரூர் தாலுகாவின் பிம்பர்கேட் பகுதியில் சில வாரங்களுக்குள் இரண்டு குழந்தைகளும் ஒரு மூதாட்டியும் சிறுத்தைக்குப் பலியானார்கள். மக்கள் புனே-நாசிக் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. நம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களின் அழுகையும் இதுவேதான். அந்த வீட்டு வாசலில் நின்று சூழலியல் பேச யாருக்கும் உரிமையில்லை. அதேசமயம், அந்தக் கோபத்தில் வைக்கும் கூண்டுகளில் குற்றம் செய்த சிறுத்தைதான் விழும் என்ற உறுதியும் இல்லை. அகப்பட்டவையெல்லாம் மாணிக்டோஹ் போன்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன. அங்கே இடம் அளவோடுதான் இருக்கிறது. ஒரு சிறுத்தையை அடைத்து வைப்பதென்றால் அதன் ஆயுள் முழுவதற்குமான இறைச்சி, மருந்து, ஆள் கூலி. காட்டில் பன்னிரண்டு பதினைந்து ஆண்டு வாழ்வது, அடைப்பில் இருபதைத் தொடும். முதுமையில் சிறுநீரகம் பழுதாகும், கண்புரை வரும், மூட்டு இறுகும். இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட வேண்டிய கிழங்களும் அந்தக் கூண்டுகளில் இருக்கும்.

ஒரு சிறுத்தை அந்த வரிசையில் சேருமா, திரும்பக் காட்டுக்குப் போகுமா என்பது பல நேரம் அது கண்ணில் பட்ட முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. தப்பிக்க வழி தேடுவதைச் சுற்றி வளைத்தால் பாயும். பாய்ந்தால் ஆளுக்குக் காயம். காயம் பட்டால் மனிதரைத் தாக்கிய விலங்கு என்ற பதிவு. போரிவலி, தாணே, அம்பர்நாத், பத்லாபூர், கல்யாண் ஆகிய ஊர்களின் விளிம்பில் காடும் மலையும் இருக்கும்வரை இது மறுபடி நடக்கும். அப்போது செய்ய வேண்டியவை சிலதான்: குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவது, அது வெளியேறும் பக்கத்தில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்வது, படம் எடுக்க மாடிப்படிக்கு ஓடாமலிருப்பது, மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற இலவச எண்ணுக்கு உடனே அழைப்பது. குப்பை குவியாத தெருவில் நாய்க் கூட்டம் பெருகாது, நாய் குறைந்தால் சிறுத்தை வருவதும் குறையும் என்பதால், இந்தப் பட்டியலில் மாநகராட்சியின் குப்பை வண்டிக்கும் இடம் உண்டு.